பழைய ஸ்ட்ரோலரைப் பார்த்து வாங்கிச் சீராக்கிய விதம்

முதல் குழந்தைக்குப் புதிய ஸ்ட்ரோலர் (குழந்தையை வைத்துத் தள்ளிச் செல்லும் வண்டி) வாங்கக் கையிருப்பு இடம் தராததால், சென்னையில் எங்கள் குடியிருப்பிலேயே ஒரு குடும்பத்தார் பயன்படுத்திவிட்டு ஒதுக்கி வைத்திருந்ததைப் பேரம் பேசி வாங்கினேன். கழுத்து நிற்காத பச்சிளங்குழந்தையை ஏறக்குறைய ஆறு மாதம் வரை மல்லாக்கத்தான் படுக்க வைக்க வேண்டும் என்பதால், சாய்மானம் முழுவதும் தட்டையாகிறதா என்பதையே முதலில் பார்த்தேன். தோள்கள், இடுப்பின் இருபுறம், கால்களுக்கு இடையே என ஐந்து இடங்களில் பிடிக்கும் பெல்ட்டும், மடிப்புப் பூட்டும், பிரேக்கும் உறுதியாக இருந்தன. இவற்றில் ஒன்று தளர்ந்திருந்தாலும், இலவசமாகக் கொடுத்தால்கூட எடுத்திருக்க மாட்டேன். தண்ணீர் பாட்டில் வைக்கும் வளையம் உடைந்திருந்தது, அதனால் என்ன?

இடப்பக்க முன்சக்கரம் மட்டும் சுழலாமல் இழுத்துக்கொண்டே வந்தது. அதைக் கழற்றியபோது, அச்சில் தலைமுடியும் நூலும் மணலோடு சேர்ந்து இறுகச் சுற்றியிருந்தன. சிறு கத்தரியால் வெட்டி, ஊசியால் நெம்பி எடுத்து, அச்சைத் துடைத்துச் சிலிகான் ஸ்ப்ரே அடித்தேன். தேங்காய் எண்ணெய் போதும் என்று வீட்டில் சொன்னார்கள். அந்தப் பிசுக்கில் புழுதி இன்னும் விரைவாக ஒட்டும் என்பதால் தவிர்த்தேன். இப்போது ஒரு கையால் தள்ளினாலே நேராக ஓடுகிறது. மேடுபள்ளமான நடைபாதைகளில் மட்டும் முன்சக்கரங்கள் திரும்பாதபடி பூட்டிவிடுகிறேன்.