பேட்டரி போச்சு என்பதற்கு முன் மீட்டரை எடுங்கள்

அப்பா சென்னை பேசின் பிரிட்ஜ் ரயில்வே யார்டில் டிரெயின் லைட்டிங் பிரிவில் வேலை பார்த்தவர். ரயில் பெட்டிக்கு அடியில் இருக்கும் 110 வோல்ட் பேட்டரிகளுக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுவதும், ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரால் செல் செல்லாகப் பார்ப்பதும் அவருக்குத் தினசரி வேலை. அவருடைய காக்கிச் சட்டையில் ஆசிட் பட்ட சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். "அளக்காம எதையும் மாத்தாதம்மா" என்பார். ஒரே ஒரு முறை அளக்காமல் மாற்றினேன்.

போன மழையில் கணேசபுரம் சப்வே பக்கம் முட்டித் தண்ணீரில் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்தேன். பத்து நாள் கழித்து செல்ஃப் எடுக்கவில்லை. கடையில் பார்த்ததுமே பேட்டரி போச்சு என்றார்கள், புதுசு போட்டேன். மூன்றாம் வாரம் அதுவும் படுத்துவிட்டது. அப்புறம்தான் ரிச்சி தெருவில் வாங்கி வைத்திருந்த மல்டிமீட்டரை எடுத்தேன். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 12.2 வோல்ட். ஆக்சிலேட்டரை முறுக்கியும் ஏறவில்லை. பேட்டரிக்குப் போகும் சார்ஜை ஒழுங்குபடுத்தும் ரெகுலேட்டரின் கனெக்டரைப் பிரித்தால் பின்கள் எல்லாம் பச்சை பிடித்துக் கிடந்தன. கான்டாக்ட் கிளீனர் அடித்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து மாட்டியதும் 14.1 வந்தது. பழைய பேட்டரி சார்ஜ் ஏறாமல்தான் கிடந்திருக்கிறது. அதைத் தூக்கிக் கொடுத்தது இன்றைக்கும் மனசை உறுத்துகிறது.

அதனால் முதலில் அளவு. மீட்டரை டி.சி. 20 வோல்ட்டில் வையுங்கள். இரவெல்லாம் நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்யும் முன், மீட்டர் முனைகளை பேட்டரியின் பாசிட்டிவிலும் நெகட்டிவிலும் வைத்துப் பாருங்கள். ஓட்டி வந்த கையோடு அளந்தால் அளவு கூடுதலாகக் காட்டி ஏமாற்றும். 12.6க்கு மேல் இருந்தால் முழு சார்ஜ். 12.4 என்றால் கொஞ்சம் சார்ஜ் ஏற்ற வேண்டும். 12க்குக் கீழே போயிருந்தால் சார்ஜே இல்லை என்று வையுங்கள். அடுத்து, மீட்டர் முனைகளை எடுக்காமலே யாரையாவது செல்ஃபை அழுத்தச் சொல்லுங்கள். முழு சார்ஜில் இருக்கும் பேட்டரி அப்போது 9.5க்குக் கீழே விழுந்தால் அதன் ஆயுள் முடிந்தது. 12லேயே நின்று, வண்டி சத்தமே போடவில்லை என்றால் பேட்டரியை விடுங்கள். ஃபியூஸ், பிரேக் சுவிட்ச், ரிலே, செல்ஃப் சுவிட்ச் என்று போங்கள். கடைசியாக எஞ்சினை ஓடவிட்டு அளந்தால் 13.5இலிருந்து 14.5க்குள் வர வேண்டும்.

எர்த்தை, அதாவது பேட்டரி நெகட்டிவை வண்டியின் உடம்போடு சேர்க்கும் இணைப்பை, யாரும் பார்ப்பதில்லை. மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும், மறு முனையை எஞ்சினின் வெறும் உலோகத்திலும் வைத்து செல்ஃப் அடியுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் வயர் போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து இறுக்குங்கள். நம் ஊர்க் கடல்காற்றுக்கு இந்த போல்ட் சீக்கிரம் துருப்பிடிக்கும்.

உண்மையிலேயே மாற்ற வேண்டியதுதான் என்றால், முதலில் வளையல், மோதிரத்தைக் கழற்றுங்கள். நெகட்டிவை முதலில் எடுத்து, மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்ட வேண்டும். வண்டியின் உடம்பு முழுக்க நெகட்டிவ். அது இணைந்திருக்கும்போது பாசிட்டிவ் நட்டில் இருக்கும் ஸ்பேனர் பாடியில் பட்டால் அந்த இடத்திலேயே ஷார்ட் ஆகி ஸ்பேனர் பழுத்துவிடும். ஸ்கூட்டர் பேட்டரியில் இன்னொரு தொல்லை, அந்தச் சதுர நட்டு. ஸ்க்ரூவை வைத்ததும் கீழே நழுவும். நட்டுக்கு அடியில் ஒரு துண்டு ஸ்பாஞ்சை மடித்துச் செருகினால் நிற்கும். முனையில் வெள்ளை பூத்திருந்தால் வெந்நீரில் ஆப்பச் சோடா கரைத்துத் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, இறுக்கிய பிறகு வாசலின் தடவுங்கள். பழைய பேட்டரியில் எத்தனை ஆம்பியர்-அவர் (Ah, பேட்டரியின் கொள்ளளவு) என்று போட்டிருக்கிறதோ அதையே வாங்குங்கள். ஜி.பி. ரோட்டிலோ புதுப்பேட்டையிலோ எங்கே வாங்கினாலும், தயாரித்த மாதத்தைக் கேட்டு, வாரண்டி கார்டில் தேதியோடு சீல் வாங்காமல் நகராதீர்கள். பழையதைக் கடையிலேயே கொடுங்கள். விலையில் கழிப்பார்கள், உள்ளே இருக்கும் ஈயமும் குப்பைக்குப் போகாது.

வீட்டுச் சின்ன சாமான்களுக்கு வருவோம். ரிமோட்டில் ஆல்கலைன் செல் கசிந்து வெள்ளையாக உறைந்திருந்தால், அது காரம். காது குடையும் பஞ்சில் கொஞ்சம் வினிகர் தொட்டுத் துடைத்து, பிறகு ஸ்பிரிங்கை உப்புத்தாளால் லேசாக உரசுங்கள். போன் பேட்டரி உப்பியிருந்தால் அழுத்தாதீர்கள், நெம்பாதீர்கள், சார்ஜும் போடாதீர்கள். கார் சாவியில் இருக்கும் சி.ஆர். 2032 பட்டன் செல் 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிமன், 3 வோல்ட். குழந்தை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். விழுங்கியிருக்குமோ என்று சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். மாற்றி எடுத்த பழைய செல்லின் மேல் டேப் சுற்றி, குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.

என் ஸ்கூட்டரில் பேட்டரி மூடியின் உள்பக்கம் ஒரு துண்டு பிளாஸ்டர் ஒட்டி, போட்ட தேதியும் அன்றைய வோல்ட்டும் எழுதியிருக்கிறேன். மாதம் ஒருமுறை அளந்து கீழே ஒரு வரி சேர்க்கிறேன். போன வாரம் 12.7.