எங்கே நிற்கிறோம் என்று சொல்லத் தெரிய வேண்டும்

ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் சுமார் 55 கிலோமீட்டர். அங்கிருந்து தனுஷ்கோடியைத் தாண்டி ரோடு முடியும் அரிச்சல்முனைக்கு இன்னும் 20 கிலோமீட்டருக்கு மேல். இந்த நீளத்துக்குள் எந்த இடத்திலும் விபத்து நடக்கலாம். ஆம்புலன்ஸ் எவ்வளவு சீக்கிரம் வரும் என்பது நாம் போனில் இடத்தை எப்படிச் சொல்கிறோம் என்பதைப் பொறுத்தது. நான் உச்சிப்புளிக்காரன், ராமேஸ்வரம் வரும் யாத்திரைக்காரர்களுக்கு வேன் ஓட்டுகிறேன். என்னிடம் வண்டி பழக வரும் தம்பிகளிடம் போகிற வழியில் திடீரென்று கேட்பேன்: இப்போது எங்கே இருக்கிறாய், சொல்.

"ரோட்டில் அடிபட்டுக் கிடக்காங்க, சீக்கிரம் வாங்க" என்று மட்டும் கத்தினால் பலனில்லை. 108 அழைப்பை எடுப்பவர் சென்னையில் உட்கார்ந்திருக்கிறார். அதனால் முதலில் மாவட்டம், அப்புறம் எந்த ரோடு, எந்த இரண்டு ஊருக்கு நடுவில், எந்தப் பக்கம் போகும் வண்டி என்று இந்த வரிசையில் சொல்லுங்கள். "ராமநாதபுரம் மாவட்டம், ராமேஸ்வரம் ரோடு, உச்சிப்புளி தாண்டி மண்டபத்துக்கு முன்னால், மண்டபம் போகிற பக்கம்" என்று சொல்லிவிட்டு கிலோமீட்டர் கல்லில் இருக்கும் எண்ணையும் சேர்த்தால் போதும். கல் கண்ணில் படவில்லையா, ஊர்ப் பலகை, பெட்ரோல் பங்க், பள்ளிக்கூடம், தர்கா, சர்ச், எது தெரிகிறதோ அது. எத்தனை பேருக்கு அடி, பேசுகிறார்களா, மூச்சு இருக்கிறதா, வண்டிக்குள் யாராவது மாட்டியிருக்கிறார்களா என்று கேட்பார்கள். அவர்கள் வைக்கும் வரை போனை வைக்காதீர்கள். ஆம்புலன்ஸ் ஓட்டுநர் திரும்பக் கூப்பிடுவார். அப்போது உள்ளூர்க்காரர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் போனை அவர் கையில் கொடுத்துவிடுங்கள். போலீஸ், தீயணைப்பு என்று எல்லாமும் வேண்டுமென்றால் 112. தேசிய நெடுஞ்சாலையில் 1033-ம் உண்டு.

பாம்பன் பாலத்தில் நடந்தால் மண்டபம் பக்கமா, பாம்பன் பக்கமா என்று கட்டாயம் சொல்ல வேண்டும். பாலம் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம், இரண்டே வழி. ரயில் பாலத்தைப் படம் பிடிக்க நிற்கும் வண்டிகளுக்குப் பின்னால் ஆம்புலன்ஸ் மாட்டிக்கொண்டால் திரும்பவும் முடியாது. தனுஷ்கோடி ரோட்டிலோ சிக்னல் விட்டுவிட்டுத்தான் கிடைக்கும். அங்கே போகும் முன்பே ஒரு வேலை செய்யுங்கள்: வீட்டில் ஒருவரிடம் எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று சொல்லிவிடுங்கள்.

இனி வண்டி. நம் கரையில் உப்புக்காற்று எதையும் விடாது. வீல் நட்டு இறுகிப்போகும், ஜாக்கி துருப்பிடிக்கும், பேட்டரி முனையில் வெள்ளையாகப் பூக்கும். ஸ்டெப்னி இருக்கிறது என்ற நம்பிக்கை மட்டும் போதாது. மாதம் ஒரு தடவை நட்டுகளைக் கழற்றி மாட்டிப் பாருங்கள், ஜாக்கிக்கு கிரீஸ் தடவுங்கள். கடலோரம் ஓடும் வண்டியை வாரம் ஒரு முறையாவது அடிப்பக்கமும் சேர்த்து நல்ல தண்ணீரில் கழுவுங்கள்; பிரேக் குழாய் உள்ளூர அரித்துப்போவது அடியில்தான். ஆடிக் காற்று நேரத்தில் பாலத்தைத் தாண்டினாலே கண்ணாடியில் உப்புப் படலம் படியும். வறண்ட வைப்பரைப் போட்டால் எதிர்வெளிச்சத்தில் ஒன்றுமே தெரியாது. வைப்பர் தண்ணீர் நிரம்பியிருக்க வேண்டும், அதைத் தவிர ஒரு பாட்டில் தண்ணீரும் ஈரத்துணியும் கைக்கெட்டும் இடத்தில் வேண்டும்.

வண்டியில் வைக்க வேண்டியவை: சிவப்பு முக்கோணம், டார்ச், ஒளிரும் மேல்சட்டை, கயிறு, கையுறை, நிறையச் சுத்தமான பருத்தித் துணி. முதலுதவிப் பெட்டி என்று கடையில் விற்பதில் சின்னச் சின்ன பிளாஸ்திரிதான் நிறைய இருக்கும். ரத்தம் கொட்டும்போது அது எதற்கும் ஆகாது. துவைத்துக் காயவைத்த பழைய வேட்டியைக் கிழித்து மடித்து, பாலிதீன் பையில் கட்டி வையுங்கள்.

சாலையில் எதற்குப் பயப்பட வேண்டும் என்பது ஊருக்கு ஊர் மாறும். இங்கே சீமைக்கருவேல் ரோட்டை ஒட்டியே வளர்ந்து நிற்கிறது, அதற்குள்ளிருந்து ஆடு நேராக டயருக்கு வரும். ஒரு ஆடு குறுக்கே ஓடினால் அதோடு முடிந்தது என்று ஆக்சிலேட்டரை மிதிக்காதீர்கள், பின்னாலேயே மந்தை வரும். மீன் வண்டியிலிருந்து ஒழுகும் ஐஸ் தண்ணீர் வளைவுகளில் வழுக்கும், இருசக்கர வண்டிக்கு அது பெரிய ஆபத்து. தனுஷ்கோடி ரோட்டில் மணல் நாக்கு மாதிரி தார் மேல் நீண்டு கிடக்கும். அதில் ஏறியபின் பிரேக் பிடிக்கக் கூடாது, ஏறும் முன்பே வேகத்தைக் குறைக்க வேண்டும்.

சரி, விபத்து நடந்துவிட்டது. முதலில் உங்கள் வண்டியை ஓரமாக நிறுத்தி நாலு இண்டிகேட்டரையும் போடுங்கள். 50 தப்படியாவது பின்னால் போய் முக்கோணத்தை வையுங்கள், வளைவு என்றால் வளைவுக்கு முந்தியே வையுங்கள். இரவில் ஒருவர் டார்ச்சோடு நிற்கட்டும். அடிபட்டவரைப் பார்க்கக் குனிந்தவர்கள் மேலேயே அடுத்த வண்டி வந்து ஏறுவது நடக்காத விஷயம் இல்லை. கசிந்த டீசல் இருந்தால் பீடி, சிகரெட்டை அணைக்கச் சொல்லுங்கள்.

நம் ஆட்களுக்கு இரக்கம் அதிகம். ஓடி வந்து தூக்குவார்கள், தண்ணீர் கொடுப்பார்கள், உட்காரவைத்து உலுக்குவார்கள். இந்த மூன்றையும் கையெடுத்துக் கும்பிட்டாவது தடுங்கள். தீயோ வேறு உடனடி ஆபத்தோ இல்லாவிட்டால் ஆளை நகர்த்த வேண்டாம். கழுத்திலோ முதுகிலோ அடி இருந்தால் தூக்குவதிலேயே கைகால் விளங்காமல் போய்விடும். மூச்சு அடைத்தால் ஒழிய ஹெல்மெட்டைக் கழற்ற வேண்டாம். மயக்கத்தில் வாயில் ஊற்றும் தண்ணீர் நுரையீரலுக்குப் போகும். ரத்தம் வரும் இடத்தில் துணியை வைத்து இரண்டு கையாலும் அழுத்துங்கள், எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். துணி நனைந்தால் அதன் மேலேயே இன்னொன்று. குத்தி நிற்கும் கம்பியைப் பிடுங்கக் கூடாது. மூச்சும் அசைவும் இல்லையென்றால் நெஞ்சின் நடுவில் வேகமாக, ஆழமாக அழுத்துங்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. விரலோ கையோ துண்டாகியிருந்தால் சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பாலிதீன் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸில் வையுங்கள். ஐஸ் நேராகத் தோலில் படக் கூடாது. இந்தக் கரையில் ஐஸுக்குப் பஞ்சமில்லை, போகிற மீன் வண்டியை நிறுத்திக் கேளுங்கள்.

மதுரைக்கே கொண்டுபோய்விடலாம் என்று சொந்தக்காரர்கள் துடிப்பார்கள். ரத்தத்தை நிறுத்தவும் மூச்சைக் காக்கவும் பக்கத்து அரசு மருத்துவமனைதான் முதல் இடம். அப்புறம் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, தேவையென்றால் அங்கிருந்து மதுரை. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு, திட்டத்தின் உச்சவரம்பு வரை, பணம் கட்ட வேண்டாம். வெளிமாநிலத்தவருக்கும் இது உண்டு. காசியிலிருந்து வந்து மொழி தெரியாமல் நிற்கும் குடும்பத்துக்கு இதை நாம்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

உதவி செய்தால் கேஸ், கோர்ட் என்று அலைய வேண்டியிருக்கும் என்ற பயத்தால் எத்தனையோ வண்டிகள் நிற்காமல் போகின்றன. 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்ற பிரிவு இருக்கிறது. நல்ல மனதோடு உதவியவர் மீது வழக்கு வராது, பெயரைச் சொல்லும்படி கட்டாயப்படுத்தவும் முடியாது. தயவுசெய்து நில்லுங்கள்.

மோதியது உங்கள் வண்டி என்றால் கடமை வேறு. அடிபட்டவருக்குச் சிகிச்சை கிடைக்க வழி செய்ய வேண்டும், 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் சொல்ல வேண்டும். இது 134-ஆம் பிரிவு. கூட்டம் அடிக்க வந்தால் அங்கேயே நிற்கச் சொல்லிச் சட்டம் வற்புறுத்தவில்லை, அதை விதிவிலக்காகவே எழுதியிருக்கிறது. அப்படி விலக நேர்ந்தால் நேரே பக்கத்துக் காவல் நிலையத்துக்குப் போங்கள், போகும் வழியிலேயே 108-க்குச் சொல்லுங்கள். வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டால்தான் ஓடிப்போனவன் ஆவீர்கள்.

வண்டிகளை நகர்த்தும் முன் போனில் படம் எடுங்கள்: டயர் தடம், நம்பர் பிளேட், ரோடு, இரண்டு வண்டியும் நின்ற நிலை. நடுரோட்டில் யார் தப்பு என்று வாதாட வேண்டாம், வெற்றுத்தாளில் கையெழுத்தும் வேண்டாம். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அன்றைக்கே தகவல் சொல்லுங்கள், எஃப்.ஐ.ஆர். நகல் வாங்குங்கள். ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுத்தாலோ பிரேக் மிதி உள்ளே போனாலோ அந்த வண்டியை ஓட்டி வராதீர்கள், இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள்.