பிச்சாவரத்தில் நண்பர்களோடு ஒரு காலை: முதல்முறை படகேறுகிறவர்களுக்கு

நான் முதல்முறை பிச்சாவரம் போனது ஒரு மே மாதம், மதியம் ஒரு மணிக்கு. ஆறு பேர், ஒரு புளூடூத் ஸ்பீக்கர், நாலு பாக்கெட் சிப்ஸ், எல்லோருக்கும் சேர்த்து ஒரே ஒரு தண்ணீர் பாட்டில். அது நீர் வற்றுகிற நேரம் என்பதுகூடத் தெரியாது. குறுகலான ஒரு வாய்க்காலுக்குள் போனதும் படகின் அடி சேற்றில் தட்டி நின்றுவிட்டது. படகோட்டி இறங்கினார், முழங்கால் வரை புதைந்தார், தள்ளினார். நாங்கள் மேலே உட்கார்ந்து வெந்துகொண்டிருந்தோம். அவர் கோபப்படவில்லை. "காலைல வந்திருக்கணும் தம்பி, தண்ணி ஏறுறப்போ" என்று மட்டும் சொன்னார்.

அதற்கப்புறம் நாலு முறை போய்விட்டேன். அவர் சொன்ன அந்த ஒரு வரியின் விரிவுரைதான் இந்தப் பதிவு. நீச்சல் தெரியாதவர்கள், படகில் ஏறியே பழக்கமில்லாதவர்கள், "ஒரு நாள் ஜாலியாகப் போய்விட்டு வரலாம்" என்று வாட்ஸ்அப் குழுவில் மூன்று மாதமாகப் பேசிக்கொண்டே இருப்பவர்கள், எல்லோருக்கும் இது போதும்.

ஏன் பிச்சாவரம்? கடலூர் மாவட்டத்தில், சிதம்பரத்திலிருந்து ஏறக்குறைய 15 கிலோமீட்டர் தூரத்தில், வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருக்கும் உப்பங்கழி அது. சுமார் 1,100 ஹெக்டேர் அலையாத்திக் காடு. பெயரிலேயே விஷயம் இருக்கிறது: அலையை ஆற்றுகிற காடு. கடல் பக்கத்திலேயே இருக்கிறது, ஆனால் நடுவில் மணல்திட்டு இருப்பதால் உள்ளே அலை கிடையாது. கடல் நீரின் வெதுவெதுப்பு மட்டும் கிடைக்கும், குலுக்கல் கிடைக்காது. படகு என்றாலே வயிற்றைப் பிரட்டும் என்று பயப்படுகிற நண்பரைத் தைரியமாகக் கூட்டிக்கொண்டு போகலாம்.

முதல் படி: மாதத்தை முடிவு செய்யுங்கள்

ஜனவரி முதல் மார்ச் பாதி வரை என் தேர்வு. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, இடையில் புயல் சின்னம் வேறு. டிக்கெட் போட்டுவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஏப்ரல், மே வெயில் மேலிருந்தும் அடிக்கும், தண்ணீரில் பட்டுக் கீழிருந்தும் அடிக்கும். மழை முடிந்த கையோடு போனால் வலசை வரும் பறவைகளும் இருக்கும். சனி, ஞாயிறு, பொங்கல் விடுமுறை நாட்களில் படகுக்காக நிற்கும் கூட்டத்தைப் பார்த்தால் வந்த ஆசையே போய்விடும். ஒரு நாள் லீவு போட முடிந்தால் செவ்வாயோ புதனோ போங்கள்.

இரண்டாம் படி: தண்ணீர் எப்போது ஏறும் என்று பாருங்கள்

பெரும்பாலானவர்கள் தாண்டிப் போய்விடுகிற படி இது. எங்களைச் சேற்றில் நிறுத்தியதும் இதுதான்.

கடல் நீர் ஒரு நாளைக்கு இரண்டு முறை ஏறும், இரண்டு முறை வற்றும். ஓதம் என்று நூல்களில் சொல்வது இதைத்தான். நம் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் பெரிதில்லை, ஒரு மீட்டர் அளவோ அதற்கும் குறைவோதான். "அவ்வளவுதானா?" என்று கேட்காதீர்கள். இடுப்பளவு ஆழமே இருக்கிற வாய்க்காலில் அரை மீட்டர் குறைந்தால் படகு போகுமா போகாதா என்பதே அங்கேதான் முடிவாகிறது.

நேரமும் தினமும் ஒரே மாதிரி இருக்காது. ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். இன்றைக்குக் காலை 9 மணிக்கு நீர் நிறைந்து நின்றால், நாளைக்கு 9.50 வாக்கில். இப்படியே ஒரு வாரம் போனால் அதே 9 மணிக்கு ஏறக்குறைய வற்றிக் கிடக்கும். ஆகவே "போன வாரம் நாங்க ஒன்பது மணிக்குப் போனோம், சூப்பரா இருந்துச்சு" என்று யாராவது சொன்னால், அந்த நேரம் உங்களுக்கு உதவாது.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில் வீட்டில் தொங்கும் தினசரி நாட்காட்டியைப் பாருங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் அதிகம், வற்றமும் அதிகம். அஷ்டமியை ஒட்டி இரண்டுக்கும் வித்தியாசம் குறைவு. மணி தெரிய வேண்டுமானால் போனில் ஓத நேரம் காட்டும் செயலிகள் இலவசமாகவே இருக்கின்றன. அதில் கடலூர் அல்லது நாகப்பட்டினம் என்று தேடுங்கள். ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் நிறுவனமும் கடல்நிலை முன்னறிவிப்பு வெளியிடுகிறது. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: செயலி காட்டுவது கடற்கரை நேரம். முகத்துவாரம் வழியாக நீர் கழிக்குள் வந்து சேரக் கொஞ்சம் தாமதமாகும்.

நான் செய்வது இது: காலை 9 மணியிலிருந்து 11 மணிக்குள் நீர் நிறைகிற ஒரு நாளாகப் பார்த்து, அதற்கு ஒரு மணி நேரம் முன்னால் படகேறுவது. அப்போது நீர் ஏறிக்கொண்டே இருக்கும். எங்காவது தட்டினாலும் கொஞ்ச நேரம் பொறுத்திருந்தால் தண்ணீரே தூக்கிவிடும். வற்றுகிற நேரத்தில் தட்டினால் என்ன ஆகும் என்பதை மேலே சொல்லிவிட்டேன்.

உங்களுக்குத் தோதான நாளில் காலையில் வற்றம்தான் என்றால் பயணத்தையே தள்ளிப்போட வேண்டாம். அகலமான கால்வாயில் போங்கள். சேறு வெளியே தெரிகிற நேரத்தில்தான் நண்டுகளும், சேற்றில் துள்ளி ஓடும் மீன்களும் கண்ணில் படும். அது வேறு மாதிரி அழகு.

மூன்றாம் படி: ஆட்கள், படகு

நாலு பேர் என்றால் உத்தமம், எட்டு பேர் என்றால் இரண்டு படகு. பத்துக்கு மேல் போனால் அது உல்லாசப் பயணம் இல்லை, கல்யாண வேன்.

இங்கே தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுக் குழாமில் துடுப்புப் படகும் இருக்கிறது, மோட்டார் படகும் இருக்கிறது. முதல்முறை போகிற எல்லோரும் மோட்டாரைத்தான் கேட்பார்கள், நிறைய தூரம் பார்க்கலாம் என்று. எனக்கு அதில் உடன்பாடில்லை. மோட்டார் படகு அகலமான தண்ணீரில்தான் ஓடும், அதன் சத்தத்தில் பறவைகள் முன்பே பறந்துவிடும். துடுப்புப் படகுதான் மரங்கள் இரண்டு பக்கமும் வளைந்து கூரை போட்ட வாய்க்கால்களுக்குள் நுழையும். வயதான பெற்றோரோ கைக்குழந்தையோ கூட வந்தால் மட்டும் மோட்டார் படகு எடுங்கள்.

குழுவில் ஒருவரை மட்டும் முடிவெடுக்கிறவராக வைத்துக்கொள்ளுங்கள். கவுன்டரில் நின்றுகொண்டு ஆறு பேரும் ஆளுக்கொரு யோசனை சொன்னால் நல்ல நேரம் கரையிலேயே போய்விடும்.

நான்காம் படி: போய்ச் சேருவது

சென்னையிலிருந்து போகிறவர்கள் முந்தின நாளே சிதம்பரம் போய்த் தங்கிவிடுங்கள். விழுப்புரம், மயிலாடுதுறை ரயில் பாதையில்தான் சிதம்பரம் இருக்கிறது, ஆகவே ரயில் வசதி உண்டு. காலையில் கிள்ளை வழியாகப் பேருந்தோ, பங்கு போட்டுக்கொண்டு ஆட்டோவோ.

கிளம்பும்முன் சாப்பாடு. சிதம்பரம் வரை போய்விட்டுக் கத்தரிக்காய் கொத்சு சாப்பிடாமல் படகேறுவது நியாயமில்லை. இட்லிக்கும் கொத்சுக்கும் இருக்கிற உறவைப் பற்றித் தனிப் பதிவே எழுதலாம், இப்போதைக்கு விடுகிறேன். வயிறு முட்டச் சாப்பிடாதீர்கள், அவ்வளவுதான். இரண்டு இட்லி கூட வேண்டுமென்றால் திரும்பி வந்து சாப்பிடலாம்.

ஐந்தாம் படி: பை

ஆளுக்கு ஒரு லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர். முழுக்கை பருத்திச் சட்டை. தொப்பி, அதுவும் தாடைக்குக் கீழே கட்டிக்கொள்கிற கயிறோடு. காற்றில் பறந்த தொப்பியை எடுக்கப் படகிலிருந்து எட்டுகிற ஆளால்தான் பாதிக் கலவரம். போனுக்கு நீர் புகாத உறை. கழற்ற எளிதான செருப்பு. தின்பண்டம் கொண்டுபோனால் காகிதத்தில் மடித்தது, அதுவும் கரையில் சாப்பிட. ஸ்பீக்கர் வேண்டாம். மது வேண்டவே வேண்டாம்.

ஆறாம் படி: லைஃப் ஜாக்கெட்

இதில் மட்டும் விளையாட்டுப் பேச்சு கிடையாது. 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் ஒரு படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். 2023 மே மாதம் கேரளத்தில் தானூரில் ஒரு சுற்றுலாப் படகு கவிழ்ந்ததில் இறந்தவர்களும் 22 பேர்தான். இரண்டும் நடுக்கடல் இல்லை, நம்மைப் போல் விடுமுறைக்கு வந்தவர்கள் ஏறிய கரையோரத் தண்ணீர்.

ஜாக்கெட்டை வாங்கித் தோளில் மாட்டினால் போதாது. எல்லாக் கொக்கிகளையும் பூட்டி, பட்டையை இழுத்து இறுக்குங்கள். அப்புறம் நண்பரை விட்டு ஜாக்கெட்டின் தோள்பட்டை இரண்டையும் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். ஜாக்கெட் காதுவரை ஏறினால் அது உங்களுக்குப் பெரிது, வேறு கேளுங்கள். பூட்டு உடைந்திருந்தாலும் மாற்றிக் கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம். புகைப்படத்துக்காகக் கழற்றுவதும் வேண்டாம். "ஆழம் இடுப்பளவுதானே" என்பார்கள். இடுப்பளவு தண்ணீருக்குக் கீழே இருப்பது கால் ஊன்ற முடியாத சேறு.

ஏறுவதற்கு முன்னால் இரண்டு கேள்வி கேளுங்கள்: எத்தனை நேரம், எந்த வழி. இதைக் கரையிலேயே பேசி முடித்துவிட்டால் நடுவழியில் முகம் சுளிக்க வேண்டியிருக்காது.

ஏழாம் படி: ஏறுவது, உட்காருவது

படகின் விளிம்பில் கால் வைக்காதீர்கள். நடுவில் வையுங்கள். ஒருவர் ஏறி உட்கார்ந்த பிறகு அடுத்தவர். குனிந்தபடி, கையை நீட்டிப் படகோட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு. எடை அதிகமானவர் நடுவில், மற்றவர்கள் இரண்டு பக்கமும் சமமாக. இதில் யாரும் கோபித்துக்கொள்ள ஒன்றுமில்லை. படகுக்குத் தெரிந்தது எடை மட்டும்தான்.

படகு சின்னதாக ஆடும். ஆடட்டும். புதியவர்கள் செய்கிற தவறு, ஒரு பக்கம் சாய்ந்ததும் பதறி எழுந்து எதிர்ப்பக்கம் பாய்வது. எழுந்து நின்றால் உடலின் பாரம் மேலே போய் ஆட்டம் அதிகமாகும். உட்கார்ந்தே இருந்தால் அதுவாக அடங்கும்.

எட்டாம் படி: உள்ளே

முதல் வளைவு திரும்பியதும் கரைச் சத்தம் நின்றுவிடும். அப்போது பத்து நிமிடம் யாரும் பேசாமல் இருந்து பாருங்கள். துடுப்பு தண்ணீரில் இறங்குகிற சத்தம், எங்கோ ஒரு மீன்கொத்தி, இலையிலிருந்து சொட்டுகிற துளி. எங்கள் குழுவில் ஓயாமல் பேசுகிற ஒருவன் உண்டு. அவனே அன்றைக்கு வாயை மூடிக்கொண்டான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மரங்களைக் கவனியுங்கள். கிளைகளிலிருந்து வளைந்து தண்ணீருக்குள் கால் ஊன்றி நிற்பது சுரபுன்னை. அதில் முருங்கைக்காய் போலப் பச்சையாகத் தொங்குபவை காய்கள் இல்லை, மரத்திலேயே முளைத்துவிட்ட நாற்றுகள். விழுந்து சேற்றில் குத்தி நின்றால் அங்கேயே வேர் பிடிக்கும், இல்லையென்றால் மிதந்து போய் வேறு இடம் தேடும். கரையோரச் சேற்றிலிருந்து விரல் விரலாக மேல்நோக்கி நீட்டிக்கொண்டிருப்பவை வெண்கண்டலின் மூச்சுவேர்கள். காற்றே புகாத சேற்றில் நிற்கிற மரம், மூச்சுவிட இப்படி வெளியே வருகிறது. அதன் இலையை நக்கினால் உப்புக் கரிக்கும்; வேர் வழியே வந்த உப்பை இலை வழியே தள்ளிவிடுகிறது.

கிளை எதையும் ஒடிக்காதீர்கள். இந்தக் கழியோரங்களில் தில்லை மரமும் உண்டு, சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வந்தது இந்த மரத்தால்தான். அதன் பால் தோலில் பட்டால் எரியும், கண்ணில் பட்டால் ஆபத்து. சுரபுன்னை வேர்களைக் கையால் பிடித்துப் படகை இழுப்பதும் வேண்டாம், அவற்றில் ஒட்டியிருக்கும் ஆளிச் சிப்பியின் ஓடு பிளேடு மாதிரி அறுக்கும்.

மார்பளவு தண்ணீரில் குனிந்து, வெறும் கையாலேயே சேற்றைத் துழாவி இறால் பிடிக்கிற இருளர்களைப் பார்க்க வாய்ப்புண்டு. பிடித்ததைப் போட ஓலைப் பறி வைத்திருப்பார்கள். அது அவர்களுடைய வேலை நேரம். போனை நீட்டாமல், படகை விலக்கிப் போகச் சொல்லுங்கள்.

ஒன்பதாம் படி: ஆசை இருந்தால் துடுப்பு

அகலமான இடத்தில், காற்று இல்லாத நேரத்தில், "அண்ணே, கொஞ்சம் வலிச்சுப் பார்க்கலாமா?" என்று கேளுங்கள். முடியாது என்றால் வற்புறுத்த வேண்டாம். கொடுத்தால், துடுப்பின் பலகை தண்ணீருக்குள் மறைகிற அளவுக்கு மட்டும் இறக்குங்கள். ஆழமாகக் குத்தினால் சேற்றில் மாட்டி உங்களையே இழுக்கும். கையால் மட்டும் இழுக்காமல் முதுகைப் பின்னுக்குச் சாய்த்து இழுங்கள். இரண்டு துடுப்பும் ஒரே பலத்தில் போனால் நேராகப் போகும், ஒன்றை மட்டும் இழுத்தால் எதிர்ப்பக்கம் திரும்பும். ஐந்து நிமிடத்தில் தோள் கேட்கும், "போதுமா?" என்று. நாள் முழுக்க இதைச் செய்கிறவர் உங்களைப் பார்த்துச் சிரிப்பார். சிரிக்கட்டும்.

பத்தாம் படி: திரும்பி வந்ததும்

இறங்கும்போதும் ஒவ்வொருவராக. படகு கரையில் தட்டியதும் எல்லோரும் ஒன்றாக எழுந்திருக்கிற அந்த நொடியில்தான் ஆட்கள் தண்ணீரில் விழுகிறார்கள். உப்பு படிந்த முகத்தை நல்ல தண்ணீரில் கழுவிவிட்டு, மிச்சமிருக்கும் குடிநீரைக் குடித்துவிடுங்கள். தாகம் தெரியாமலே உடம்பு காய்ந்திருக்கும்.

கிளம்புவதற்கு முன்னால் படகோட்டியிடம் அடுத்த முறை வருவதற்கு நினைத்திருக்கும் தேதியைச் சொல்லி, அன்றைக்குத் தண்ணீர் எத்தனை மணிக்கு ஏறும் என்று கேட்டுப் பாருங்கள். எனக்குப் படகோட்டிய ஒருவர் விரல்விட்டு அமாவாசையிலிருந்து எண்ணிச் சொன்னார். வீட்டுக்கு வந்து செயலியில் பார்த்தேன், கால் மணி நேரம்தான் வித்தியாசம்.