என்டிஏ-வுக்கு அப்ளை பண்ணப்போறீங்களா? லெவன்த்லயே ஆரம்பிங்க

பிளஸ் டூ ரிசல்ட் வந்த அப்பறம் "அண்ணா, ஆர்மி ஆபிசர் ஆகணும், என்ன பண்ணணும்"னு கேக்கற பசங்க நிறைய பேரு. அப்போ ஏற்கனவே ரெண்டு சான்ஸ் போயிருக்கும். அது மனசுக்கு ரொம்ப கஷ்டமா இருக்கறதால, எங்க அக்கா பையன் கூட ரெண்டு வருஷம் அலைஞ்சதுல தெரிஞ்சிக்கிட்டத முதல்ல இருந்து எழுதறேன்.

என்டிஏனா நேஷனல் டிஃபன்ஸ் அகாடமி, ஆர்மி, நேவி, ஏர்ஃபோர்ஸுக்கு ஆபிசர் ஆகப்போறவங்களுக்குப் பயிற்சி குடுக்கற இடம், புனே பக்கத்துல கடக்வாஸ்லால இருக்கு. அதுக்கான எழுத்துத் தேர்வை யூபிஎஸ்சி (மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையம்) வருஷத்துக்கு ரெண்டு தடவை நடத்துது, வழக்கமா ஏப்ரல்ல ஒண்ணு செப்டம்பர்ல ஒண்ணு. ட்வெல்த் படிச்சிட்டு இருக்கும்போதே எழுதலாம், அதாவது ஸ்கூல்ல இருக்கும்போதே ரெண்டு சான்ஸ் கிடைக்கும். கோர்ஸ் ஆரம்பிக்கறப்போ வயசு பதினாறரைல இருந்து பத்தொன்பதரைக்குள்ள இருக்கணும், கல்யாணம் ஆகியிருக்கக்கூடாது. ஆர்மிக்கு எந்த குரூப் எடுத்திருந்தாலும் போதும், நேவிக்கும் ஏர்ஃபோர்ஸுக்கும் பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, மேத்ஸ் மூணும் வேணும், அதனால லெவன்த்ல குரூப் எடுக்கும்போதே யோசிச்சிடுங்க. பொண்ணுங்களும் எழுதலாம். 2021-ல சுப்ரீம் கோர்ட் உத்தரவு போட்டுச்சு, 2022-ல முதல் பேட்ச் உள்ள போச்சு, 2025 மே மாசம் அதுல 17 பேர் பாஸ் அவுட் ஆனாங்க. வீட்டுல பொண்ணு கேட்டா தயவுசெஞ்சு வேண்டாம்னு சொல்லாதீங்க.

ஃபார்ம் போடறது

யூபிஎஸ்சி வெப்சைட்ல ஆன்லைன்ல தான். பொண்ணுங்களுக்கும் எஸ்சி எஸ்டி பசங்களுக்கும் ஃபீஸ் கிடையாது, மத்தவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு 100 ரூபா. நம்ம ஊர் பசங்க மாட்டறது இனிஷியல்ல. டென்த் மார்க் ஷீட்ல இனிஷியல் முன்னாடி, ஆதார்ல பின்னாடி, ஸ்கூல் ஐடில அப்பா பேரு முழுசா, இப்படி மூணு விதமா இருக்கும். டென்த் சர்டிபிகேட்ல எப்படி இருக்கோ அப்படியே போடுங்க, பிறந்த தேதியும் அதே மாதிரி, ஆதார்ல வேற மாதிரி இருந்தா ஃபார்ம் வர்றதுக்கு முன்னாடியே போய் சரி பண்ணிடுங்க. எக்ஸாம் சென்டர் முதல்ல அப்ளை பண்றவங்களுக்கு முதல்லன்னு தான் குடுப்பாங்க, கடைசி நாள் வரைக்கும் இழுத்தா சென்னை மதுரை கேட்டாலும் கிடைக்காம போகலாம். அப்பறம் ஆர்மி, நேவி, ஏர்ஃபோர்ஸ், நேவல் அகாடமி (கேரளா ஏழிமலைல இருக்கற நேவி ஆபிசர் பயிற்சி அகாடமி)னு விருப்ப வரிசை கேக்கும். எது போடலையோ அதுக்கு உங்களை எடுத்துக்கவே மாட்டாங்க, அதனால வீட்டுல பேசி முடிச்சிட்டு உக்காருங்க, பிரவுசிங் சென்டர்ல அவசரத்துல முடிவு பண்ற விஷயம் இல்ல அது.

எழுத்துத் தேர்வு

மேத்ஸ் 300 மார்க், ஜெனரல் எபிலிட்டி (இங்கிலீஷும் பொது அறிவும்) 600 மார்க், ஒவ்வொண்ணும் ரெண்டரை மணி நேரம். மேத்ஸ்ல 120 கேள்வி, கணக்கு போட்டா ஒரு கேள்விக்கு 75 செகண்ட் தான், கால்குலேட்டர் கிடையாது. போர்டு எக்ஸாம்ல ஸ்டெப்புக்கு மார்க் வாங்கி பழகின கைக்கு இது ரொம்ப புதுசா இருக்கும், இங்க ஆன்சர் மட்டும் தான், தப்பு பண்ணா அந்த கேள்வியோட மார்க்ல மூணுல ஒரு பங்கு போயிடும், விட்டுட்டா ஒண்ணும் போகாது. லெவன்த் ட்வெல்த் டிரிகோணமெட்ரி, மேட்ரிக்ஸ், கால்குலஸ், வெக்டர், ப்ராபபிலிட்டி எல்லாம் வரும், பழைய கொஸ்டின் பேப்பர் யூபிஎஸ்சி சைட்லயே சும்மா கிடைக்குது, வாரத்துக்கு ஒண்ணு கடிகாரம் வச்சு போடுங்க. கேள்வித்தாள் இங்கிலீஷ்லயும் ஹிந்திலயும் தான், தமிழ் கிடையாது. ஜெனரல் எபிலிட்டில இங்கிலீஷுக்கு மட்டும் 200 மார்க், தமிழ் மீடியம் பசங்க இத தான் முதல்ல கவனிக்கணும்.

பாஸ் பண்ணா ரெண்டு வாரத்துக்குள்ள ஜாயின் இண்டியன் ஆர்மி சைட்ல ரெஜிஸ்டர் பண்ணணும், ரிசல்ட் சந்தோஷத்துல இத மறந்துடாதீங்க.

எஸ்எஸ்பி

எஸ்எஸ்பினா சர்வீசஸ் செலக்‌ஷன் போர்டு, ஆபிசர் ஆகத் தகுதி இருக்கானு நேர்ல பாக்கற தேர்வு. எழுத்துத் தேர்வு மொத்தம் 900, எஸ்எஸ்பி-யும் 900. பாதி மார்க் இங்க இருக்கு, ஆனா தொண்ணூறு நாள் மேத்ஸ் போட்டுட்டு பத்து நாள் கூட இதுக்கு ஒதுக்க மாட்டேங்கறாங்க. பெங்களூர், மைசூர், போபால், பிரயாக்ராஜ் மாதிரி ஊர்கள்ல அஞ்சு நாள் நடக்கும். முதல் நாளே ஸ்கிரீனிங், ஒரு படத்த 30 செகண்ட் காட்டுவாங்க, நாலு நிமிஷத்துல கதை எழுதணும், அப்பறம் குரூப்ல பேசணும். அதுல தேறாதவங்க அன்னைக்கே பெட்டி தூக்கணும். ரெண்டாவது நாள் சைக்காலஜி, அதுல 60 வார்த்தை, ஒவ்வொண்ணுக்கும் 15 செகண்ட்ல ஒரு வாக்கியம். தமிழ்ல யோசிச்சு இங்கிலீஷுக்கு மாத்தறதுக்குள்ள அடுத்த வார்த்தை வந்துடும், அதனால தினமும் பத்து வார்த்தை எடுத்து சின்ன சின்ன இங்கிலீஷ்ல எழுதிப் பழகுங்க, கிராமர் அழகா இருக்கணும்னு அவசியமில்ல. அப்பறம் மைதானத்துல குரூப்பா செய்யற கிரவுண்ட் டாஸ்க், ஒரு தலைப்பு எடுத்து மூணு நிமிஷம் தயாராகி மூணு நிமிஷம் பேசறது, இன்டர்வியூ, கடைசி நாள் எல்லா அதிகாரிகளும் சேர்ந்து உக்காந்து முடிவு பண்ற கான்ஃபரன்ஸ்.

போனதும் பிஐகியூனு (பெர்சனல் இன்ஃபர்மேஷன் கொஸ்டினேர், உங்களைப் பத்தின விவரம்) ஒரு ஃபார்ம் நிரப்பச் சொல்லுவாங்க. குடும்பம், மார்க், விளையாட்டு, ஹாபி, பொறுப்பு ஏத்துக்கிட்டது எல்லாம் கேக்கும், இன்டர்வியூ முழுக்க அதுல இருந்து தான் வரும். எங்க அக்கா பையன் முதல் தடவை ஹாபி ரீடிங்னு போட்டான், கடைசியா என்ன படிச்சேனு கேட்டதும் வாய் அடைச்சுப் போச்சு. ஆனா எட்டாவதுல இருந்து ஞாயித்துக்கிழமை ஆனா அவங்கப்பா கூட தென்னந்தோப்புக்குப் போயி, லோடு எத்தனை காய்னு எண்ணி நோட்டுல எழுதறது, மரம் ஏர்றவங்களுக்கு கூலி பிரிச்சுக் குடுக்கறது எல்லாம் அவன் தான். அத சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு எழுதவே இல்ல. வீட்டுக்கு வந்து ரெண்டு நாள் யார்கிட்டயும் பேசல. அடுத்த தடவை அத எழுதினான். கூலில தகராறு வந்தா என்ன பண்ணுவ, மழை வந்தா லோடு என்ன ஆகும்னு கேள்வி மேல கேள்வி, எல்லாத்துக்கும் யோசிக்காம பதில் சொல்லியிருக்கான், ஏன்னா அது அவன் வாழ்ந்தது. இப்போ கடக்வாஸ்லால மூணாவது டெர்ம் படிக்கறான். லெவன்த்ல ஆரம்பிங்கனு நான் சொல்றது இதுக்குத்தான், ஒரு விளையாட்டு, ஒரு பொறுப்பு, வீட்டுல ஒரு வேலை, ரெண்டு வருஷம் விடாம செஞ்சிருந்தா அந்த ஃபார்ம்ல பொய் எழுத வேண்டியதில்ல.

முதல் தடவை எஸ்எஸ்பி போறவங்களுக்கு ரயில் செலவு திருப்பித் தருவாங்க, டிக்கெட்ட பத்திரமா வச்சிருங்க. எஸ்எஸ்பி-ல ரெக்கமண்ட் ஆனா (தேர்வாயிட்டா) மெடிக்கல் டெஸ்ட். பல்லு, காது அழுக்கு, கண்ணு இதெல்லாம் ஊர்லயே டாக்டர்கிட்ட காட்டி சரி பண்ணிட்டுப் போங்க, பச்சை குத்தறத தள்ளிப் போடுங்க.

இன்னொண்ணு. இதுக்கெல்லாம் மாசக்கணக்கா ஆகும், நடுவுல இஞ்சினியரிங் கவுன்சிலிங் வந்துடும். காலேஜ்ல சேருங்க, தப்பில்ல. ஆனா ஒரிஜினல் சர்டிபிகேட்ட சில காலேஜ்ல வாங்கி வச்சுக்குவாங்க, எஸ்எஸ்பி-ல முதல் நாளே ஒரிஜினல் கேப்பாங்க. அட்மிஷன் அன்னைக்கே பிரின்சிபால்கிட்ட விஷயத்த சொல்லி, கால் லெட்டர் வந்தா எத்தனை நாள்ல திருப்பித் தருவீங்கனு எழுதி வாங்கிக்கோங்க.