வீடு மாறும் வாய்ப்பு இருந்தால் எந்தப் பள்ளியில் சேர்ப்பது?

இரண்டு மூன்று வருடத்தில் ஊர் மாறலாம் என்றால், பள்ளியின் பெயரைவிடப் பாடத்திட்டத்தை முதலில் பாருங்கள். போகக்கூடிய ஊரில் அதே பாடத்திட்டம் இருக்கிறதா, நடு ஆண்டில் இடம் தருவார்களா என்று இப்போதே விசாரித்து வையுங்கள்.

பெரிய சிக்கல் பொதுத்தேர்வுக்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில்தான். கேம்பிரிட்ஜ் ஐஜிசிஎஸ்இ (9, 10-ஆம் வகுப்பு அளவிலான சர்வதேசப் பாடத்திட்டம்) பெரும்பாலும் 2 ஆண்டுப் படிப்பு. 11, 12-ஆம் வகுப்பு அளவிலான சர்வதேசப் படிப்பான ஐபி டிப்ளமாவும் அப்படியே. நடுவில் மாறினால் பாடத்திட்டம் ஒன்றாக இருந்தாலும் பிள்ளை எடுத்த பாடங்கள் புதுப் பள்ளியில் இல்லாமல் போகலாம். பாதி முடித்த ப்ராஜெக்ட் வீணாகலாம். முடிந்தவரை படிப்பு தொடங்கும் முன்போ, முடிந்த பின்போ மாறுங்கள்.

பலர் கோட்டை விடுவது மொழிப்பாடத்தில். இரண்டாம் மொழியாக எங்கும் கிடைப்பதைத் தேர்ந்தெடுப்பது பாதுகாப்பு. கணக்கில் வேறு தொல்லை: ஒரே வகுப்புதான், ஆனால் அத்தியாய வரிசை மாறும். புத்தகத்தின் பொருளடக்கத்தைப் போட்டோ எடுத்து, முடித்த பாடங்களுக்கு டிக் போட்டு வைத்தால், எங்கே இடைவெளி என்று புது ஆசிரியருக்குச் சட்டென்று தெரியும்.

சேர்க்கும் அன்றே டெபாசிட் திரும்ப வருமா, விலக எத்தனை நாள் முன்பு எழுதித் தர வேண்டும் என்று கேளுங்கள். ஒரு டெர்ம் முன்பே சொல்லச் சொல்லும் பள்ளிகளும் உண்டு. சொல்லாவிட்டால் அந்த டெர்ம் கட்டணம் போச்சு.