மவுஸைத் தொடும் முன் தரையில் நடக்கட்டும்

எட்டு வயதுக் குழந்தைகளுக்குக் கோடிங் சொல்லித் தர, முதல் வகுப்பில் கம்ப்யூட்டரே வேண்டாம். தரையில் சாக்பீஸால் 5-க்கு 5 கட்டம் போடுங்கள். ஒரு கட்டம் 40 செ.மீ. இருந்தால் போதும். 'முன்னே போ', 'இடப்பக்கம் திரும்பு', 'வலப்பக்கம் திரும்பு' என்று மூன்று வகை அட்டைகள், வகைக்குப் பத்து. ஒரு குழந்தை ரோபோ. மற்றவர்கள் அட்டைகளை வரிசையாக அடுக்கி, மூலையில் நிற்கும் ரோபோவைப் பந்து இருக்கும் கட்டத்துக்கு அனுப்ப வேண்டும். முழுவதும் அடுக்கி முடித்த பிறகே ரோபோ நகரலாம். ஒவ்வொரு அட்டைக்கும் நடக்க விட்டால் யாரும் முன்கூட்டி யோசிக்க மாட்டார்கள்.

'திரும்பு' அட்டையைக் கண்டதும் பல குழந்தைகள் திரும்பியதோடு நிற்காமல் ஓர் அடி எடுத்தும் வைப்பார்கள். உடனே நிறுத்துங்கள். திரும்புவது வேறு, நகர்வது வேறு என்பது இங்கே பதியாவிட்டால் பின்னால், கட்டளை பிளாக்குகளை அடுக்கி நிரல் எழுதும் ஸ்க்ராட்ச் மென்பொருளில் வதைக்கும். ரோபோவுக்கு எதிரே நின்று அடுக்குபவருக்கு இடவலம் குழம்பும். ரோபோவின் முதுகுப் பக்கம் நிற்க வையுங்கள்.

அடுத்த வகுப்பு மவுஸுக்கு. க்ளிக் எளிதாக வந்துவிடும். பிடித்து இழுப்பதுதான் கஷ்டம், பாதி வழியில் விரல் தளர்ந்துவிடும். பெயிண்ட் என்ற படம் வரையும் மென்பொருளில் கோடு இழுக்கப் பத்து நிமிடம் கொடுங்கள்.

பிறகு ஸ்க்ராட்ச். இது இலவசம், டெஸ்க்டாப் பதிப்பை நிறுவிவிட்டால் இணையம் தேவையில்லை. (5 முதல் 7 வயதுக்கு ஸ்க்ராட்ச் ஜூனியர்.) இடது கீழ் மூலையிலுள்ள பொத்தானை அழுத்திப் பேனா பிளாக்குகளைச் சேர்த்து, திரையில் நாம் நகர்த்தும் பூனையின் அளவை 30 ஆக்குங்கள், இல்லையென்றால் கோட்டையே மறைத்துக்கொள்ளும். நிரலைத் தொடங்கும் பச்சைக் கொடி பிளாக்கின் கீழ் இந்த வரிசை: எக்ஸ் 0 ஒய் 0-க்குப் போ, 90 திசை நோக்கு, எல்லாவற்றையும் அழி, பேனாவை இறக்கு, 4 முறை திரும்பச் செய். அதற்குள்ளே 100 அடி நகர், 90 டிகிரி திரும்பு, 1 விநாடி காத்திரு.

காத்திருக்கும் பிளாக் இல்லாவிட்டால் சதுரம் கண்ணிமைக்குள் முடிந்துவிடும். எந்த பிளாக் எந்தக் கோட்டைப் போட்டது என்று குழந்தைக்குத் தெரியாது. அழிக்கும் பிளாக் இல்லாவிட்டால் பழைய படம் திரையில் தங்கி, தவறான நிரலும் சரியாக வேலை செய்தது போலத் தோன்றும்.

இனி முக்கோணம். குழந்தைகள் 4-ஐ 3 ஆக்கிவிட்டு 90-ஐ அப்படியே விடுவார்கள். ஒரு பக்கம் திறந்த சதுரம் வரும். முக்கோணத்தின் கோணம் 60 என்று தெரிந்த பெரியவர்கள் 60 போடுவார்கள். அறுகோணத்தில் பாதி வரும். பூனை திரும்புவது வெளிக்கோணத்தில்: 360-ஐ 3-ஆல் வகுத்தால் 120. விடையைச் சொல்லாதீர்கள். தரையில் முக்கோணம் வரைந்து, அதன்மேல் நடந்து, மூலையில் எவ்வளவு உடம்பைத் திருப்புகிறோம் என்று பார்க்கச் சொல்லுங்கள். 1967-இல் பிறந்த, குழந்தைகளுக்கான நிரல்மொழி லோகோ. அதில் கட்டளைப்படி நகர்ந்து கோடு போடும் ஆமையை, அம்மொழியை உருவாக்கியவர்களில் ஒருவரான சீமோர் பேப்பர்ட் கற்பிக்கச் சொன்னதும் இப்படித்தான். யாராவது 60 போட்டிருந்தால் அந்த நிரலை அழிக்க வேண்டாம். எண்ணிக்கையை 6 ஆக்கினால் அழகான அறுகோணம்.

ஒரு கம்ப்யூட்டருக்கு இருவர். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மவுஸ் கை மாறட்டும். ஆசிரியர் மவுஸைத் தொடவே கூடாது. பச்சைக் கொடியை அழுத்தும் முன், என்ன வரும் என்று நோட்டில் வரையச் சொல்லுங்கள். வேறு மாதிரி வந்தால், எந்த பிளாக்கில் பிரிந்தது என்று விரலால் தொட்டுக் காட்டட்டும். மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போதே சேமிக்க வையுங்கள், கோப்பின் பெயரில் இருவரின் வரிசை எண்ணோடு.