கோழிக்குஞ்சுக்கு உமி விரிக்கும்போது விடும் பிழைகள்

மாரி தொடங்கிவிட்டால் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் ஒரே கேள்விதான்: "அஞ்சு நாள் குஞ்செல்லாம் வாயைத் திறந்து திறந்து மூச்செடுக்குது, என்ன மருந்து குடுக்கலாம்?" கீழே எதை விரித்தார்கள் என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. நனைந்ததை மாற்றுவது, எச்சத்தை அள்ளுவதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவை. அவற்றை விடுவோம்.

மில் வாசலில் குவிந்து கிடக்கும் உமி

எத்தனை தரம் சொன்னாலும் தொடரும் பிழை இது. சும்மா கிடைக்கிறது என்று மழையில் ஊறிய குவியலின் அடியிலிருந்து இரண்டு சாக்கு அள்ளி வருவார்கள். அதில் பூஞ்சணம் பிடித்திருக்கும். ஒரு நாள் வெயிலில் போட்டால் சரி என்று நினைப்பார்கள். அங்கேதான் கோபம் வருகிறது. வெயில் ஈரத்தை எடுக்கும், பூஞ்சண வித்துகளை எடுக்காது. காய்ந்த பிறகு குஞ்சு கிளறக் கிளற அவை தூசியோடு எழும்பி நுரையீரலுக்குள் போகும். கழுத்தை நீட்டி, சத்தமில்லாமல் இரைக்கும். முதல் இரண்டு கிழமைக்குள் சாகும். அதற்குப் பிறகு கொடுக்கும் அன்ரிபயோட்டிக் காசுக்குத்தான் நட்டம், பூஞ்சணத்தில் அது வேலை செய்யாது.

கையில் அள்ளி மணந்து பாருங்கள். மக்கல் வாசம், கறுப்பு அல்லது பச்சைப் புள்ளி, கட்டி, இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்தச் சாக்கே வேண்டாம். மாரியில் குஞ்சு இறக்குவதென்றால், ஆவணியில் சிறுபோக அறுவடை முடிந்து வரும் புது உமியை வாங்கிக் காயவைத்து, நிலத்தில் படாமல் பலகைமேல் அடுக்கி வைக்க வேண்டும். 50 குஞ்சுக்கு 25 சதுர அடியில் 2 அங்குலம் விரிக்க, 50 கிலோ நெல்லுச் சாக்கால் ஒன்றரைச் சாக்கு போதும்.

தவிடு கலந்த உமி

சின்ன மில்களில் உமியும் தவிடும் ஒன்றாக விழும். குஞ்சு அதைத் தீனியென்று கொத்தும், ஈரம் பட்டால் புளிக்கும். புடைத்துத் தவிட்டை எடுத்த பிறகு விரியுங்கள். நல்ல உமியானாலும் முதல் மூன்று நாள் மேலே சொரசொரப்பான காட்போட் மட்டை போடுங்கள். தீனி எது, உமி எது என்று குஞ்சு பழகட்டும்.

வெறும் பத்திரிகைக் கடதாசி

வழுக்கும். கால் இரண்டு பக்கமும் விரிந்துபோகும். முதல் இரண்டு நாளுக்குள் கண்டால், மெல்லிய துணிக் கீலத்தால் இரண்டு காலையும் ஒரு அங்குல இடைவெளி விட்டுக் கட்டலாம்; பல குஞ்சு தேறும். பிந்தினால் நிமிராது.

மருந்தடித்த பலகையின் சீவல்

வேண்டவே வேண்டாம்.

மெல்லிய மரத்தூள்

கொத்தித் தின்று இரைப்பை அடைக்கும். தச்சுப் பட்டறையில் வாங்குவதென்றால் சுருள் சீவலாகக் கேளுங்கள்.

தண்ணிப் பாத்திரத்தை உமிமேல் வைப்பது

பலகைத் துண்டோ செங்கல்லோ வைத்து, குஞ்சின் முதுகு மட்டத்துக்கு உயர்த்துங்கள். பாத்திரத்தைச் சுற்றியுள்ள உமியை அள்ளி இறுக்கிப் பாருங்கள். உருண்டையாகவே நின்றால் அன்றைக்கே அந்த இடத்தை அள்ளிவிட்டுப் புதிது போட வேண்டும். குஞ்சின் உயரத்துக்குக் குனிந்தும் மணந்து பாருங்கள். ஈர உமியும் எச்சமும் சேர்ந்து கிளப்பும் அமோனியா வாயு நின்றபடி மணக்காவிட்டாலும் அங்கே கண்ணை எரிக்கும்.